தங்கும் நேரம்

ஒரே இரவில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரைப்
பெற்றுப் போட்டேன்.
வலி என்று சொன்னால் முதுகுவலி மட்டும்தான்.
எல்லோரும் புள்ளிகள்.
சிறுவருக்கு மஞ்சள், முதியோருக்குச் சாம்பல்,
நாய் வளர்ப்போருக்குப்
பக்கத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு குட்டிப் புள்ளி.

ரீகாவின் கிழக்கே புர்வ்சீம்ஸ்;
பெயரைப் பிரித்தால் சதுப்பூர்.
சதுப்பின் மேல் ஒன்பது மாடி, மறுபடி ஒன்பது மாடி,
நடுவே முற்றம், பதினான்கு பெஞ்சுகள்.
ஏழாம் மாடியில் நான், ஆறு வருடமாக.
எல்லாவற்றையும் அளந்து திரைக்குள் வைத்தேன்,
லிண்டன் நிழல் மணிக்கு மணி நகர்வதையும்
கடற்காற்று மூன்றாம் கட்டட மூலையில்
முறுக்கிக்கொண்டு திரும்புவதையும்கூட.

மே மாத ஞாயிறு, மாலை நான்கு.
ஓட்டிப் பார்த்தேன்.
கதவு திறக்கிறது, புள்ளி வருகிறது,
ஆகக் குறைந்த தூரத்தில் கடைக்குப் போகிறது,
பால் வாங்கியதாக வைத்துக்கொள்வோம்,
வந்த வழியே திரும்புகிறது.
யாரும் யாரையும் இடிக்கவில்லை.
அவ்வளவு நல்ல பிள்ளைகள்.
சராசரித் தங்கும் நேரம்: பதினொரு விநாடி.
அதிலும் ஏழு, சாவி தேடியது.

"பெஞ்சுகளைத் தெற்கே திருப்பு" என்றார் பேராசிரியர்.
திருப்பினேன்.
பன்னிரண்டு விநாடி.

பிறகு நோட்டுப் புத்தகத்தோடு
நானே இறங்கிப்போய் உட்கார்ந்தேன், பெஞ்ச் எண் ஆறில்.
ஐந்து மாலைகள்.
என்னைத் தவிர அதில் யாரும் உட்காரவில்லை.

ஐந்தாம் மாலை வால்டிஸின் ஓப்பல் கிளம்ப மறுத்தது.
அவர் மூடியைத் தூக்கியதும்
எங்கிருந்தோ மூன்று பேர்.
ஒருவருக்கும் எஞ்சின் தெரியாது;
நால்வரும் குனிந்து,
பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் உறவினர்போல்
முகத்தை வைத்துக்கொண்டார்கள்.
இரண்டாம் மாடி லாரிஸா
துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு
ருஷ்ய மொழியில் தீர்ப்புச் சொன்னார்: பேட்டரி.
லாத்விய மொழியில் மறுத்தார் ஸ்கைத்ரீதே,
கையில் ஸ்பேனர், காலில் வீட்டுச் செருப்பு.
தள்ளுவண்டியோடு ஒரு புதுத் தகப்பன்
போகிற போக்கில் நின்றான்;
குழந்தை தூங்கிவிட்டதால் அப்புறம் நகரவில்லை.
பந்து காரடியில் போய்விட்டதென்று ஒரு சிறுமி
எல்லாருடைய கால்களையும் விலக்கிக்கொண்டிருந்தாள்.
நாற்பத்தேழு நிமிடம்.
பேட்டரிதான்.

மேலே வந்து நிரலில் ஒரு மாறி சேர்த்தேன்.
பெயர்: பழுது.
நிகழ வாய்ப்பு: நூற்றில் மூன்று.
சங்கிலி கழன்ற சைக்கிள், கிழிந்த பை,
அதிலிருந்து உருண்டோடும் உருளைக்கிழங்கு, நின்றுபோன லிஃப்ட்.
புள்ளிகள் மொய்த்தன.

கூட்டுறவுச் சங்கத்தில் படம் போட்டுக் காட்டினேன்.
தலைவர் ஐவர்ஸ் வெகுநேரம் தாடையைத் தடவினார்.
"லிஃப்ட் ரிப்பேரை நிறுத்திவிடலாம் என்கிறீர்களா?"
இல்லை என்றேன்.
வேறென்ன சொல்கிறேன் என்று எனக்கும் தெளிவில்லை.
இரண்டு புதிய பெஞ்சுகள் என்று
தீர்மானம் எழுதிக்கொண்டார்கள்.

அன்றிரவுதான் கண்ணில் பட்டது:
388ஆம் புள்ளி வீட்டுக்குப் போகவில்லை.
சாம்பல் நிறம். வயது எழுபத்தொன்று. நடை மெதுவு.
மூன்றாம் வாசலில் சுவர் வரைகையில்
கதவையும் சேர்த்து அடைத்திருக்கிறேன்.
ஒன்பது மணிநேரமாக
சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து நிற்கிறது.
நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்கும் எதையும்
பழுது என்று கொள்ளச் சொல்லியிருந்தேன் அல்லவா,
சுற்றிலும் ஆறேழு பேர்.
ஒரு மஞ்சள். ஒரு நாய்.
அவர்களால் எதுவும் செய்ய முடியாது,
கைகள் நான் கொடுக்கவில்லை.

திருத்த ஒரே வரிதான்.
கர்சரை அங்கே துடிக்க விட்டுவிட்டு
மேல்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
இரவு பத்து, வானத்தில் இன்னும் வெளிச்சம்.

ஓப்பல் போயிருந்தது.
அது நின்ற இடத்தில்
உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.
அதைக் குனிந்து பார்த்தபடி இரண்டு பேர்.
நானும் போய் நின்றேன்.
"கியர் ஆயில்" என்றார் ஒருவர்.
"இருக்காது" என்றேன்,
எனக்கு ஒன்றும் தெரியாது.